இறகை எறிவது எப்படி? ஸ்காட்லாந்து மலையாறுகளில் ஃப்ளை ஃபிஷிங்

ஒரு கோழி இறகை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். கையை ஓங்கி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி வீசுங்கள். இரண்டு முழம் கூடப் போகாது. காற்றில் தயங்கி, சுழன்று, காலடியிலேயே வந்து விழும். அதே கையால் ஒரு கூழாங்கல்லை எறிந்தால் எதிர்வீட்டு மாடியைத் தாண்டும்.

இப்போது அந்த இறகை இருபது மீட்டர் தள்ளி, ஓடும் ஆற்றில், ஒரு தட்டு அகலமே உள்ள இடத்தில், சத்தமில்லாமல் இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைக் கட்டி எறியக் கூடாது. தொப்பென்று விழுந்தால் மீன் ஓடிவிடும். இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் ஃப்ளை ஃபிஷிங். பணக்காரர்கள் ரப்பர் பேன்ட் போட்டுக்கொண்டு ஆற்றில் நிற்கும் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் இதைப் பார்த்திருப்போம். அதற்குள் இருக்கும் யோசனை அதைவிட மிக அழகானது.

நம் ஊர்த் தூண்டிலில் முள் இருக்கும், முள்ளில் மண்புழு இருக்கும், கொஞ்சம் மேலே ஈயக்குண்டு, அதற்கும் மேலே தக்கை. வீசும்போது அந்த ஈயக்குண்டுதான் பறக்கிறது. நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். முனையில் இருப்பது ஒரு சின்னக் கொக்கியில் இறகும் முடியும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அதன் பெயர்தான் ஃப்ளை. அதற்கு எடையே இல்லை என்று சொல்லலாம். எடை முழுவதும் லைனில், அதாவது தூண்டில் நூலில் இருக்கிறது. பறப்பது லைன், ஃப்ளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது.

அதனால்தான் ஃப்ளை லைன் சாதாரண நரம்பு மாதிரி இருக்காது. ஒரு மில்லிமீட்டர் பருமன், மேலே பிளாஸ்டிக் பூச்சு, பளிச்சென்ற நிறம். எடையை வைத்து அதற்கு எண் கொடுக்கிறார்கள். 5ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். சிறிய, நடுத்தர டிரவுட் மீனுக்கு அது போதும். தூண்டில் கம்பிலும் அதே எண் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் பொருந்த வேண்டும். பருமனான லைனின் முனையில் நேரடியாக ஃப்ளையைக் கட்டினால் மீன் கண்டுகொள்ளும் என்பதால், நடுவில் ஒன்பது அடி அளவுக்கு மெல்லிய தங்கூசி நரம்பு கட்டுவார்கள். அதற்கு லீடர் என்று பெயர்.

கை செய்ய வேண்டியது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

புல்தரையில் நிற்கிறீர்கள். முன்னால் பத்து மீட்டர் லைன் நேராகக் கிடக்கிறது. கம்பின் நுனி தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறது. மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கம்பு உங்கள் காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். கம்பு நின்றாலும் லைன் நிற்காது. அது தலைக்கு மேலே ஏறி, பின்பக்கம் பறந்து, பக்கவாட்டில் கிடக்கும் ஒரு கொண்டைஊசி போல மடிந்து, அந்த மடிப்பு விரிந்துகொண்டே போகும். முழுக்க விரியும் வரை உங்கள் கை சும்மா இருக்க வேண்டும். விரிந்து முடிந்த அந்த நொடியில் கையில் ஒரு மெல்லிய இழுவை தெரியும். யாரோ பின்னால் நின்று கம்பை லேசாகப் பிடித்தது போல இருக்கும். அதுதான் சைகை. இப்போது முன்னோக்கி அதே மாதிரி: மெதுவாக ஆரம்பம், வேகம், நிறுத்தம். லைன் முன்னால் விரிந்து, கடைசியாக லீடரும் விரிந்து, ஃப்ளை தண்ணீருக்கு ஓரடி மேலே மூச்சு நின்றது போல ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும்.

பலத்துக்கு இதில் வேலையே இல்லை. வளைந்த கம்பு நிமிரும்போதுதான் லைனுக்கு வேகம் கிடைக்கிறது. கம்பு நிமிர வேண்டுமென்றால் கை நிற்க வேண்டும். கையை நிறுத்தாமல் துடைப்பம் வீசுவது போல வீசினால் லைன் குவியலாக விழும். பின்னால் விரிவதற்குள் அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் சாட்டை மாதிரி ‘படார்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் லீடரின் நுனியைப் பாருங்கள். ஃப்ளை அறுந்து போயிருக்கும்.

மரங்கள் அடர்ந்த கரையில் பின்பக்கம் லைனை விரிக்க இடம் இருக்காது. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டில் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். லைனை முழுக்கப் பின்னால் எறியாமல், அதன் நுனியைப் பக்கத்திலேயே தண்ணீரில் லேசாகத் தொட வைத்து, மீதியை உடலுக்குப் பின்னால் ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, அப்படியே முன்னால் உருட்டிவிடுவது. தண்ணீர் லைனின் நுனியைப் பிடித்துக்கொள்வதால் கம்பு வளைகிறது. ஸ்பே காஸ்ட் என்று இன்றும் அந்த ஆற்றின் பெயரிலேயே அழைக்கிறார்கள். சால்மன் என்ற பெரிய மீனைப் பிடிப்பவர்கள் இதற்கு இரண்டு கையால் பிடிக்கும் 12 முதல் 15 அடி நீளக் கம்பு வைத்திருப்பார்கள்.

இறகு எங்கிருந்து வந்தது

ஃப்ளை கட்டுவது தனிக் கலை. விக்டோரியா மகாராணி காலத்துச் சால்மன் ஃப்ளைகளைப் பார்த்தால் நகை மாதிரி இருக்கும். ஜாக் ஸ்காட் என்ற புகழ்பெற்ற ஃப்ளையில் டூக்கான் பறவையின் மஞ்சள் இறகு, பொன்நிறப் பெசன்ட் பறவையின் கொண்டை, பட்டு நூல், வெள்ளிச் சரிகை என்று உலகமே வந்து உட்கார்ந்திருக்கும். அதன் இரு கன்னங்களிலும் கண் போல ஒரு சின்ன இறகு வைப்பார்கள். அது நம்முடையது. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் புதரிலிருந்து கூவும் அதே பறவைதான். அதன் கழுத்து இறகு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், கரும்பழுப்பு இறகின் நுனியில் உருகிய மெழுகு ஒரு சொட்டு விழுந்து இறுகியது போல ஒரு புள்ளி இருக்கும். பால் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் கலந்த நிறம். தொட்டால் இறகு போலவே இருக்காது. நகத்தைத் தொடுவது போல வழவழப்பாக இருக்கும். தண்ணீரில் ஊறினாலும் அந்தப் பளபளப்பு போகாது. சின்ன மீனின் கண்ணைப் போலத் தெரியும் என்பதால்தான் அதற்கு அத்தனை மவுசு. இதற்காகவே ஏராளமான காட்டுக்கோழிகள் கொல்லப்பட்டன. 1902இல் இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதியை அன்றைய அரசு தடை செய்தது. இன்று காட்டுக்கோழி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. இப்போது ஜங்கிள் காக் என்ற பெயரில் ஃப்ளை கட்டுபவர்கள் வாங்குவது பிரிட்டனில் பண்ணையில் வளர்க்கும் பறவைகளின் இறகு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், இத்தனை அலங்காரமும் மீனுக்குத் தேவையில்லை என்று காலப்போக்கில் தெரிந்துவிட்டது. இன்று வடக்கு ஸ்காட்லாந்தில் அதிகம் ஓடும் வில்லி கன் என்ற சால்மன் ஃப்ளை பெரும்பாலும் கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு முடிதான்.

ஒரே ஆறு, இரண்டு மீன்

டிரவுட், சால்மன் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். பிடிக்கும் முறையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆனால் இரண்டும் அடியோடு வேறு. அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும் ஒரு இடம் ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது.

லாக்இன்வர் என்ற துறைமுகக் கிராமத்துக்குத் தெற்கே கர்கைக் என்று ஒரு சிறிய ஆறு கடலில் சேர்கிறது. கடற்கரையிலிருந்து ஆற்றோரமாக நடந்தால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியதும் சுமார் 60 அடி உயரத்திலிருந்து ஆறு ஒரே பாய்ச்சலாக விழும் அருவி வரும். கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் அந்த அருவியின் கீழே உள்ள மடுவரைதான் வர முடியும். அதற்கு மேல் எந்த மீனாலும் தாவ முடியாது. அருவிக்கு மேலே இன்னும் கொஞ்சம் நடந்தால் சூல்வென் மலையின் அடிவாரத்தில் ஃபியோன் லாக் ஏரி. அங்கே சால்மன் கிடையாது. பழுப்பு டிரவுட் மட்டும்.

தண்ணீர் இரண்டு இடத்திலும் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் இருக்கும். பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிக் கிடக்கும் கரிமண்ணின் வழியாக மழைநீர் வடிந்து வருவதால் அந்த நிறம். அழுக்கு இல்லை. தம்ளரில் எடுத்தால் தெளிவாக இருக்கும்.

மேலே ஏரியில் இருக்கும் டிரவுட் பசியோடு இருக்கிறது. அங்கே குளிர் அதிகம், பூச்சி குறைவு, கிடைத்த நாட்களில் தின்றால்தான் உண்டு. தண்ணீர்ப் பூச்சிகள் கூடு விட்டுப் பறக்கும் நேரத்தில் அது மேலே வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சும். தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும். ஆகவே டிரவுட் விஷயத்தில் உங்கள் வேலை ஏமாற்றுவது. அது எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பார்த்து, அதே அளவில், ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு ஃப்ளையைக் கொடுப்பது. மிதக்கும் ஃப்ளை, மூழ்கும் ஃப்ளை என்று இரண்டு வழி. மலை ஏரிகளில் லீடரில் இடைவெளி விட்டு இரண்டோ மூன்றோ மூழ்கும் ஃப்ளைகளைக் கட்டி, காற்று முதுகில் படும்படி கரையில் நின்று வீசி, மெதுவாக இழுப்பதுதான் வழக்கம்.

டிரவுட்டின் கண்ணைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டமான ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் அந்த ஜன்னலின் கோணம் சுமார் 97 டிகிரி. அந்த வட்டத்தைச் சுற்றி எல்லாம் கண்ணாடி மாதிரி அடித்தரையையே காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் ஜன்னலின் விளிம்பில் வந்து மாட்டிக்கொள்வார். குனிந்தவர் தப்பித்துவிடுவார். மலை ஏரியில் அனுபவசாலி ஒருவர் கரையை நெருங்கும்போது முழங்காலில் நடப்பது அதனால்தான்.

சரி, இப்போது அருவிக்குக் கீழே வருவோம்.

சாப்பிடாத மீன்

சால்மன் ஆற்றில்தான் பிறக்கிறது. இலையுதிர்காலத்தின் கடைசியில் தாய் மீன் வாலால் சரளைக்கல்லில் பள்ளம் தோண்டி முட்டையிடும். வசந்தத்தில் குஞ்சு வெளிவரும். வடக்கு ஆறுகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் விரல் நீளத்தில், பக்கவாட்டில் விரல்தடம் பதித்தது போன்ற கறைகளோடு ஆற்றிலேயே கிடக்கும். பிறகு ஒரு ஏப்ரல், மே மாதத்தில் உடம்பெல்லாம் வெள்ளியாக மாறி, உப்புநீருக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு, கடலுக்குப் போய்விடும். நார்வே கடல், ஃபேரோ தீவுகள், சில கிரீன்லாந்து வரைக்கும். அங்கே தின்று கொழுத்து, ஒரு குளிர்காலமோ இரண்டு மூன்று குளிர்காலமோ கழித்து, பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. ஆற்று வாயில் வந்ததும் வழிகாட்டுவது மூக்கு. சிறுவயதில் பழகிய தண்ணீரின் வாசனை.

ஆற்றில் நுழைந்ததும் சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. வயிறு சுருங்கிவிடுகிறது. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே, முட்டையிடும் நவம்பர் வரை காலம் தள்ளுகிறது. பிப்ரவரியில் ஏறி வரும் மீனுக்கு அது ஒன்பது மாத உபவாசம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மீன் மேல் ஒரு மரியாதை வரும்.

அப்படியென்றால் ஃப்ளையை ஏன் கவ்வுகிறது? இதுவரை யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. கடலில் இறால், சின்ன மீன்களைத் துரத்திய பழக்கம் விடவில்லை என்கிறார்கள். தன் இடத்துக்குள் வந்ததை விரட்டுகிறது என்கிறார்கள். கை இல்லாத உயிர் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வாயைத்தான் பயன்படுத்தும் என்றும் ஒரு வாதம் உண்டு. மூன்றுக்கும் இடம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாம் அறிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: டிரவுட்டை ஏமாற்றலாம், சால்மனைச் சீண்டத்தான் முடியும். நூறு முறை ஃப்ளை தலைக்கு மேலே போனாலும் அசையாமல் கிடக்கும் மீன், நூற்றோராவது முறை திரும்பிக் கவ்வும்.

அதனால் சால்மன் பிடிக்கும் முறையே பொறுமையை அளந்து வைத்தது போல இருக்கும். மடுவின் தலைப்பகுதியில் நின்று, ஆற்றுக்குக் குறுக்கே, நீரோட்டம் போகும் பக்கம் 45 டிகிரி சாய்வாக வீச வேண்டும். நீரோட்டம் லைனை இழுத்து, ஃப்ளையை எதிர்க்கரையிலிருந்து உங்கள் கரைக்கு ஒரு வில் போல நீந்த வைக்கும். நேராக வந்து நின்றதும் லைனைக் கொஞ்சம் சுருக்கி, இரண்டு அடி கீழே நகர்ந்து, திரும்ப வீச வேண்டும். வீச்சு, வளைவு, இரண்டு அடி. இப்படியே மடு முழுவதையும் விசிறி விசிறியாக அளந்து முடிக்கிறீர்கள். தண்ணீர் சில்லென்று இருக்கும் மாதங்களில் பெரிய ஃப்ளை, ஆழமாக, மெதுவாக. கோடையில் சின்னது, மேலாக, வேகமாக.

மீன் கவ்வும்போது டிரவுட் என்றால் உடனே கம்பைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் துப்பிவிடும். சால்மன் என்றால் தூக்கவே கூடாது. லைன் கனக்கும், நிற்கும், ஏதோ பாறையில் சிக்கியது போல இருக்கும். அப்புறம் அந்தப் பாறை நகர ஆரம்பிக்கும். அது ஃப்ளையை வாயில் வைத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்குத் திரும்பும்போது கொக்கி தானாக வாயோரத்தில் மாட்டும். அந்த இரண்டு நொடி கையைக் கட்டிப்போட்டது போல நிற்பதுதான் ஆரம்பக்காரருக்கு மிகக் கடினம்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டையும் விராலும் ஓட்டத்தை எதிர்த்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள சின்ன ஆறுகள் மழையை நம்பியே இருப்பவை. வெயில் காலத்தில் கல் தெரியக் கிடக்கும், ஒரு இரவு மழைக்கு இடுப்பளவு பொங்கும், மறுநாளே வடியும். சால்மன் ஆற்று வாயில் கடலில் காத்திருந்து, அந்த வெள்ளத்தோடு ஏறும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது பிடிபடாது. வடிய ஆரம்பித்து, கலங்கல் தெளிந்து வரும் அந்தச் சில மணி நேரம்தான் ஆற்றோரத்தில் எல்லோரும் ஏங்கும் நேரம்.

எஸ்டேட் என்றால் என்ன

எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஸ்போர்டிங் எஸ்டேட் என்பது பயிரே இல்லாத பல்லாயிரம் ஏக்கர் மலையும் சதுப்பும் ஆறும். நடுவில் லாட்ஜ் என்ற பெரிய வீடு. மான் வேட்டை, க்ரவுஸ் என்ற காட்டுப்பறவை வேட்டை, மீன்பிடி, இந்த மூன்றுக்காகவே வைத்திருக்கும் நிலம்.

அந்த வெறுமை இயற்கையாக வந்தது இல்லை. சதர்லாந்து மாவட்டத்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் குடியானவர்களை நிலவுடைமையாளர்கள் வெளியேற்றி, ஆட்டு மந்தைகளை விட்டார்கள். மலைநாடு முழுக்க இது நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்டு ரோமத்தின் விலை விழுந்தபோது, அந்த நிலங்களில் பல வேட்டைக்கும் மீன்பிடிக்குமான எஸ்டேட்களாக மாறின. விக்டோரியா குடும்பம் 1852இல் டீ ஆற்றங்கரையில் பால்மோரலை வாங்கியது அந்த மோகத்தை இன்னும் ஏற்றியது. இன்று நேவர் ஆறு சால்மனுக்குப் பேர்போன ஆறு. அதன் கரையில் நடந்தால் இடிந்த வீடுகளின் அடித்தளக் கற்களும் புல்லுக்குள் தட்டுப்படும். ஆற்றின் அமைதியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அந்தக் கற்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து பிரிந்த தனிச் சொத்து. நிலம் ஒருவருக்கும், அதை ஒட்டி ஓடும் ஆற்றின் சால்மன் உரிமை இன்னொருவருக்கும் இருக்கலாம். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சால்மன் பிடிப்பது குற்றம். ஞாயிற்றுக்கிழமை யாருமே சால்மன் பிடிக்கக் கூடாது. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பீட் என்று பெயர். காசு கட்டிய விருந்தினர்கள் நாளுக்கு ஒரு பீட்டாக மாறிக்கொள்வார்கள். ஒவ்வொரு மடுவுக்கும் பெயர் உண்டு. கூட வரும் ஆற்றுக்காவலருக்கு கில்லி என்று பெயர். பையன், பணியாள் என்று பொருள்படும் கேலிக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மீன் எந்தக் கல்லின் பின்னால், எந்த நீர்மட்டத்தில் படுத்திருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கில்லி சொல்வதைக் கேட்பவர் மீன் பிடிப்பார்.

சால்மன் தூண்டில் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று ஒரு படகோட்டியின் மகளுடையது. ஜார்ஜினா பாலன்டைன் 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் 64 பவுண்டு, அதாவது 29 கிலோ எடையுள்ள சால்மனைப் பிடித்தார். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் இன்றும் அதுதான். அவர் பிடித்தது ஃப்ளையில் இல்லை, சுழலும் இரைமீனில் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீன் குறைகிறது

அத்தகைய மீன் இனி வருமா என்பது வேறு கேள்வி. ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் 2010இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2023இல் அது சுமார் 32,500. கணக்கெடுக்க ஆரம்பித்த 1952க்குப் பிறகு மிகக் குறைந்த எண்ணிக்கை. அதே 2023இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்தது. கடல் சூடாகிறது, போகும் குஞ்சுகளில் திரும்புபவை குறைகின்றன. மேற்குக் கரையில் கூண்டுகளில் வளர்க்கும் பண்ணை சால்மனிலிருந்து கடல் பேன் என்ற ஒட்டுண்ணி பரவுகிறது. ஆறுகளும் சூடாகின்றன.

இந்தக் கடைசிக் காரணத்தில் எஸ்டேட்களுக்கும் பங்கு உண்டு. வேட்டைக்காக மான்களை ஏராளமாகப் பெருகவிட்டார்கள். ஆற்றோரத்தில் முளைக்கும் மரக்கன்றை மான் விட்டுவைக்காது. நிழல் இல்லாத ஆற்றில் கோடை வெயில் நேராக இறங்குகிறது. சால்மனும் டிரவுட்டும் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீரில்தான் பிழைக்கும். இன்று டீ ஆற்றின் துணையாறுகளில் வேலி போட்டு லட்சக்கணக்கில் மரம் நடுகிறார்கள். மீனைக் காப்பாற்ற மரம் நடுவது சுற்றுவழி போலத் தெரியும். நேர்வழி அதுதான்.

தூண்டில்காரர்களும் மாறியிருக்கிறார்கள். ஏப்ரல் 1க்கு முன் பிடிக்கும் எந்த சால்மனையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். மீன்வளம் குறைந்த ஆறுகளில் வருடம் முழுவதும் அப்படித்தான். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கவே முடியாது. சட்டம் கேட்காத இடத்திலும் விட்டுவிடுபவர்களே அதிகம். இப்போது பிடிபடுவதில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆற்றுக்கே திரும்புகிறது. கொக்கியின் எதிர்முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைக் கரையில் இழுத்துப் போடாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வலையில் வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். பிறகு ஒரு கையால் வால் தண்டைப் பிடித்து, மறு கையை மார்புக்கு அடியில் கொடுத்து, தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். செவுள் மெதுவாகத் திறந்து மூடும். தள்ளிவிடாதீர்கள். அது போகிறேன் என்று சொல்லும்வரை பிடித்திருங்கள். வாலில் பலம் வந்ததும் உங்கள் பிடியை அதுவே உதறிக்கொள்ளும்.

எங்கே ஆரம்பிப்பது

சால்மனில் ஆரம்பிக்காதீர்கள். நல்ல ஆற்றில் ஒரு வார பீட் வாடகை நம் ஊர்க் கணக்கில் கார் விலை ஆகும். வாரம் முழுக்க ஒன்றுகூடக் கிடைக்காமலும் போகும். மலை ஏரி டிரவுட்டில் ஆரம்பியுங்கள். கால் கிலோ மீன்தான் என்றாலும் ஒரு நாளில் பல முறை கவ்வும். கவ்வினால்தான் கை பழகும். கர்கைக் ஆற்றைச் சுற்றியுள்ள அஸின்ட் பகுதியில் நூற்றுக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. அங்கே 1993இல் சிறு குடியானவர்களே அறக்கட்டளை அமைத்து, சுமார் 21,000 ஏக்கர் எஸ்டேட்டை விலைக்கு வாங்கினார்கள். சூல்வென் மலை உள்ள எஸ்டேட்டும் 2005இல் ஊர்மக்கள் கைக்கு வந்தது. அந்தப் பகுதியின் பல ஏரிகளுக்கு டிரவுட் அனுமதிச் சீட்டு ஊரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிரிட்டிஷ் எஸ்டேட் என்றாலே கோட்டு போட்ட துரைதான் என்ற நினைப்பை அங்கே கழற்றி வைத்துவிடலாம்.

டிரவுட் பருவம் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. மே, ஜூன் நல்ல மாதங்கள். 9 அடிக் கம்பு, அதற்குப் பொருந்தும் 5 அல்லது 6ஆம் எண் மிதக்கும் லைன், பத்துப் பதினைந்து ஃப்ளைகள் போதும். அவற்றில் கறுப்பு நிறத்தில் பாதியாவது இருக்கட்டும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். பின்பக்கமிருந்து பறந்து வரும் கொக்கிக்கு உங்கள் முகம் எது, மீன் எது என்று தெரியாது.

தமிழ்நாட்டிலும் டிரவுட் இருக்கிறது. நீலகிரியில் எச்.சி. வில்சன் வெளிநாட்டு முட்டைகளைக் கொண்டுவந்து வானவில் டிரவுட்டைப் பழக்கி, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். அது இந்த மண்ணின் மீன் இல்லை என்பதும், அங்கே வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பயிற்சிக்கு ஆறே தேவையில்லை. பள்ளி மைதானம் போதும். லீடரின் முனையில் ஃப்ளைக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். தினம் கால் மணி நேரம். பின்னால் விரிகிறதா என்று முதல் சில நாட்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீசுங்கள், தப்பில்லை. கையில் அந்த இழுவை தெரிய ஆரம்பித்த பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது.